காது கேட்டதைக் கை எழுதட்டும்

பதிவுசெய்த அரபுப் பேச்சை எழுத்தில் இறக்குவதுதான் என் தொழிலின் பெரும்பகுதி. அந்த வேலையில் எங்களோடு புதிதாகச் சேரும் எகிப்திய இளைஞர்கள் தங்கள் மொழியை நன்றாகப் படித்தவர்கள். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கவனமாக உட்காருவார்கள். பதிவில் ஒரு கெய்ரோ பெண்மணி தன் மூன்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது ‘தலாத்தா’ என்பார். தாளில் ‘ஸலாஸா’ என்று விழுந்திருக்கும். அவர் ‘இல்லி’ என்று இணைத்த இடத்தில் ‘அல்லதீ’ என்று இருக்கும். எழுதியவரைக் கூப்பிட்டு அதே இடத்தை மறுபடி ஓடவிட்டால், “ஆமாம், ‘தலாத்தா’ என்றுதான் சொல்கிறார். ஆனால் அதை எப்படி அப்படியே எழுதுவது?” என்று கேட்பார். காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடம் பழக்கிய கை நடுவழியில் அதைத் திருத்திவிட்டிருக்கிறது.

அரபுப் பேச்சை ஆராய வருகிறவர்கள் முதலில் அடக்கவேண்டியது இந்தக் கையைத்தான். இத்தனை ஆண்டு அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது எனக்கு இது ஒன்றே.

அரபு என்று நாம் ஒற்றைப் பெயரால் சொல்வது பல மொழி வழக்குகளின் தொகுப்பு. குர்ஆன், பழங்கவிதை, இன்றைய நாளிதழ், தொலைக்காட்சிச் செய்தி, நீதிமன்றத் தீர்ப்பு, பாடநூல் எல்லாம் ‘ஃபுஸ்ஹா’ என்னும் எழுத்து வழக்கில் இருக்கின்றன. அரபு லீகின் 22 நாடுகளையும் இணைப்பது அது. 1973-இல் ஐ.நா. பொதுச்சபை அலுவல் மொழியாக ஏற்றுக்கொண்டதும் அதைத்தான். ஆனால் எந்தத் தாயும் தன் குழந்தையை ஃபுஸ்ஹாவில் தாலாட்டுவதில்லை. வீட்டில், சந்தையில், சண்டையில், காதலில் ஒலிப்பது அந்தந்த ஊரின் பேச்சு வழக்கு. எகிப்தில் அதற்கு ‘ஆம்மிய்யா’ என்று பெயர், மொரோக்கோவில் ‘தாரிஜா’. மொரோக்கோக் கிராமத்தாரும் ஈராக்கியக் கிராமத்தாரும் அவரவர் பேச்சிலேயே நின்றால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு எளிதில் விளங்காது.

நான் முதலில் கற்றது எழுத்து அரபு. எங்கள் கடற்கரை ஊரின் மதரஸாவில் ஓதக் கற்றேன். பிறகு அரபிக் கல்லூரியில் ‘ஆஜுர்ரூமிய்யா’ என்ற தொடக்க இலக்கணத்தையும், இப்னு மாலிக் சுமார் ஆயிரம் அடிகளில் யாத்த ‘அல்ஃபிய்யா’வையும் மனப்பாடம் செய்தேன். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தபோதுதான் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை கைக்கு வந்தது. ஒரே சமூகத்தில் ஒரு மொழியின் இரண்டு வடிவங்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு வாழும் நிலையை அவர் அதில் விளக்கியிருந்தார். அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டியின் கிரியோல் ஆகிய நான்கையும் எடுத்துக்காட்டாக வைத்திருந்தார். தமிழில் இதை இரட்டை வழக்கு என்கிறோம். அடுத்த ஆண்டே மு. சண்முகம் பிள்ளை தமிழின் எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும் ஒப்பிட்டு எழுதினார். 1986-இல் பிரான்சிஸ் பிரிட்டோ இந்தக் கோட்பாட்டைத் தமிழில் பொருத்திப் பார்த்து ஒரு நூலே எழுதினார்.

‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதி ‘வந்துட்டிருக்காங்க’ என்று பேசும் சமூகத்தில் பிறந்தவருக்கு இந்தக் கோட்பாட்டைத் தனியாக விளக்கத் தேவையில்லை. கெய்ரோவுக்குப் போனபோது இந்தப் பிறவிப் பழக்கம் எனக்குப் பெரிதும் துணைநின்றது. இரண்டில் ஒன்று சரி, மற்றொன்று பிழை என்று நினைக்காமல் இரண்டுக்கும் காது கொடுக்க முடிந்தது. ஆனால் பேசுகிறவர்களே அப்படி நினைப்பதில்லை. களப்பணியின் முதல் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சய்யிதா ஸைனப் பகுதியில் ஒரு முதிய தையற்காரரிடம், அவருடைய பேச்சைப் பதிவுசெய்ய விரும்புகிறேன் என்று கேட்டேன். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அரபு வேணும்னா அல்-அஸ்ஹருக்குப் போ மகனே. நாங்க பேசுறது உடைஞ்ச பேச்சு. இதுக்கு இலக்கணம் ஏது?” என்றார். பிற்பாடு பேராசிரியர்கள் வாயிலும் மருத்துவர்கள் வாயிலும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டிலும் பேச்சுத் தமிழைப் பற்றி இப்படித்தானே சொல்கிறார்கள்.

அவர் பேச்சுக்கு இலக்கணம் உண்டு என்பதை அவருடைய வாக்கியங்களைக் கொண்டே காட்டினேன். இங்கே அரபு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் நெருங்கிய உருவில்தான் தர முடியும். போகவில்லை என்பதற்கு அவர் ‘மாருஹ்திஷ்’ என்றார். வினைக்கு முன்னால் ‘மா’, பின்னால் ‘ஷ்’. போகமாட்டேன் என்பதற்கு ‘மிஷ் ஹாரூஹ்’ என்றார். எதிர்காலத்தில் வினையைச் சுற்றி அணைக்கும் அந்த இரண்டு துண்டும் மறைந்து, முன்னால் ‘மிஷ்’ மட்டும் வந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லுக்கும் பெயரடைக்கும் அதே ‘மிஷ்’தான். ஃபுஸ்ஹாவில் இந்த வேலையை ‘லம்’, ‘லன்’, ‘லா’, ‘லைஸ’ என நான்கு சொற்கள் பகிர்ந்து செய்கின்றன. தையற்காரர் பேச்சின் விதி வேறு. கட்டுப்பாடு அதே அளவு கடுமையானது. மணிக்கணக்கில் பேசினாலும் எந்த இடத்தில் எந்த வடிவம் வரவேண்டும் என்பதில் அவர் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. கற்றுக்கொடுக்காமலே கைவந்த இலக்கணம் அது. கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் யோசித்தார். மறுநாள் தன் அண்டைக் கடைக்காரர்களையும் பேச அழைத்து வந்தார்.

நல்ல பேச்சை வரவழைப்பது ஒரு தனிக் கலை. ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் மனிதர்கள் சட்டையைச் சரிசெய்வதுபோல மொழியையும் சரிசெய்துகொள்கிறார்கள். நியூயார்க்கின் பேச்சை ஆராய்ந்த வில்லியம் லபாவ் இதற்கு ஒரு வழி கண்டார்: உயிருக்கு ஆபத்து வந்த தருணத்தைப் பற்றிக் கேட்டால், பேசுகிறவர் நினைவில் ஆழ்ந்துபோய்த் தன் பேச்சைக் கண்காணிக்க மறந்துவிடுவார். கெய்ரோவின் நடுவயதினரிடமும் முதியவர்களிடமும் நான் 1992 அக்டோபர் 12-ஆம் நாள் நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்பேன். அன்று பிற்பகல் எங்கே இருந்தீர்கள் என்ற ஒரு கேள்வி போதும். தெருவுக்கு ஓடியது, பிள்ளை பள்ளியிலிருந்து வராமல் தவித்தது, இடிந்த வீட்டின் முன் அண்டை அயலார் கூடியது என்று பேச்சு தானாக ஓடும். கேள்விக்கு முன்னால் இருந்த விறைப்பு முழுவதும் கரைந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் நம் கடமை தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே.

பேச்சைப் பெறுகிறவருக்கு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. எதற்காகப் பதிவு, யார் கேட்பார்கள், பெயர் வெளிவராமல் எப்படிக் காப்போம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரசியல் அச்சம் உள்ள இடங்களில் கருவியை மேசைமேல் வைப்பதே சிலருக்குக் கலக்கம் தரும். பேசுகிறவர் நிறுத்தச் சொன்ன நொடியில் நிறுத்த வேண்டும். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன் அழிக்க வேண்டும். எவ்வளவு அரிய தரவாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

பதிவுகள் சேரச்சேர ஒன்று தெளிவாகியது. ஃபெர்குசன் சொன்ன இரண்டு வடிவங்களுக்கு நடுவே ஒரு சுவர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் அது கிடைப்பதில்லை. எகிப்திய மொழியியலர் அஸ்-சயீத் பதவி 1973-இல் எழுதிய நூலில் எகிப்தின் அரபை ஐந்து படிகளாகப் பிரித்தார். மரபு ஃபுஸ்ஹா, இக்கால ஃபுஸ்ஹா, பெரும்படிப்பாளிகளின் பேச்சு, ஓரளவு படித்தவர்களின் பேச்சு, எழுத்தறியாதவர்களின் பேச்சு. இவை தனித்தனி அறைகள் அல்ல என்பதை அவரே வலியுறுத்தினார். ஒரே மனிதர் ஒரே உரையாடலில் இந்தப் படிகளில் ஏறி இறங்குவார்.

ஷுப்ராவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடன் பேசிய பதிவு இதற்கு நல்ல சான்று. கல்விக் கொள்கையைப் பற்றிப் பேசியபோது அவருடைய சொற்கள் நாளிதழ்த் தலையங்கம்போல வந்தன. ‘காஃப்’ என்னும் எழுத்தை உள்நாக்கின் ஆழத்திலிருந்து முறையாக ஒலித்தார். பேரன் தேநீர்த் தட்டோடு வந்ததும் ‘காஃப்’ மறைந்து, அந்த இடத்தில் குரல்வளையை ஒரு கணம் அடைக்கும் கெய்ரோ ஒலி வந்தது. இதயத்துக்கு ‘கல்ப்’ என்று சொன்னவர் ‘அல்ப்’ என்றார். இதைவிட நுட்பமானது அவர் இரண்டையும் ஒரே மூச்சில் கலந்த இடங்கள். வலிமை என்ற பொருளில் ‘கவி’ என்று காஃபோடு சொன்னார். அதே வாக்கியத்தில் ‘மிகவும்’ என்ற பொருளில் ‘அவி’ என்றார். இரண்டும் ஒரே மூலச்சொல்லின் வாரிசுகள். ஒன்று எழுத்தின் வழியாக வந்தது, மற்றொன்று தெருவின் வழியாக வந்தது. கெய்ரோவாசிகளின் வாயில் இரண்டும் மோதலின்றி வாழ்கின்றன.

இந்தக் கலவைக்கும் ஒழுங்கு உண்டு. நார்வேயைச் சேர்ந்த குன்வோர் மெய்டெல் கெய்ரோக் கல்வியாளர்களின் மேடைப்பேச்சை எடுத்து, சுட்டு, எதிர்மறை, இணைப்புச் சொல் முதலான சில கூறுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்த்து 2006-இல் நூலாக்கினார். படித்தவரின் பேச்சில் எழுத்து வழக்குச் சொற்கள் ஏராளமாக வந்து அமர்ந்தாலும், அவற்றைத் தாங்கும் எலும்புக்கூடு பெரும்பாலும் பேச்சு வழக்காகவே இருக்கும் என்பதை என் பதிவுகளிலும் காண்கிறேன். படியெடுப்பவரின் கை முதலில் திருத்துவது அந்த எலும்புகளைத்தான். சிறிய இடைச்சொற்கள் பார்வைக்கு அற்பமாகத் தோன்றுவதால் அவற்றை மாற்றுவது யாருக்கும் உறுத்துவதில்லை. ஆராய்ச்சிக்கு உயிர்நிலையோ அவற்றில்தான் இருக்கிறது.

படிகளில் ஏறி இறங்கும் திறமையை ஆட்சியாளர்கள் நன்றாக அறிவார்கள். எகிப்திய அதிபர் கமால் அப்துல் நாசரின் உரைகளை ஆராய்ந்த கிளைவ் ஹோல்ஸ் அவற்றில் ஒரு பாங்கைக் கண்டார். கொள்கையைப் பறைசாற்றும்போது ஃபுஸ்ஹா. அதன் பொருளைக் கூட்டத்தாரின் வாழ்வோடு இணைத்து விளக்கும்போது எகிப்தியப் பேச்சு. துனிசியாவில் இருபது ஆண்டுக்கும் மேலாக எழுத்து வழக்கிலேயே மக்களோடு பேசிவந்த அதிபர் பென் அலீ, 2011 ஜனவரி 13 இரவு முதன்முறையாகத் துனிசியப் பேச்சு வழக்கில் உரையாற்றினார். உங்களைப் புரிந்துகொண்டேன் என்றார். மறுநாள் நாட்டைவிட்டு வெளியேறினார். மக்களின் பேச்சை நெருக்கடி வந்த கடைசி இரவில் கையில் எடுப்பது எவ்வளவு காலந்தாழ்ந்த செயல் என்பதைத் துனிசியர்கள் அன்று உலகுக்குக் காட்டினார்கள்.

கீஸாவில் ஒரு வீடு எனக்கு இன்னொரு பாடத்தைத் தந்தது. தாய், மேல் எகிப்திலிருந்து மணமாகி வந்தவர். ‘காஃப்’ வரும் இடத்தில் அவர் நம் ‘தங்கம்’ என்ற சொல்லில் வரும் ககரத்தைப் போல ஒலித்தார். கெய்ரோவிலேயே பிறந்த மகளுக்கு அந்த இடத்தில் குரல்வளை அடைப்பு. ஊரிலிருந்து பாட்டியின் தொலைபேசி வந்தபோது மகளின் பேச்சு தாயின் ஒலிக்கு மாறியது, வைத்ததும் திரும்பியது. மேல் எகிப்திலிருந்து குடிபெயர்ந்தவர்களின் பேச்சைத் தலைமுறைவாரியாக ஆராய்ந்த காத்ரின் மில்லர், இரண்டாம் தலைமுறை கெய்ரோ வழக்குக்கு மாறிவிடுவதைப் பதிவுசெய்திருக்கிறார். மகள் தாயின் ஒலியைவிட்டு நகர்ந்தது ஃபுஸ்ஹாவை நோக்கி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபுஸ்ஹாவின் ‘காஃப்’ அவர் வாயில் வரவே இல்லை. அவரை ஈர்த்தது தலைநகரின் பேச்சு.

ஜோர்டானின் அம்மானை ஆராய்ந்த இனாம் அல்-வேர் இதே ஒலியில் ஆண்களும் பெண்களும் பிரிவதைக் காட்டினார். நகரத்துப் பெண்கள் குரல்வளை ஒலியை விரும்புகிறார்கள். ஆண்களிடம் ‘தங்க’க் ககரம் வலுவாக நிற்கிறது. பஹ்ரைனில் ஹோல்ஸ் கண்டது இன்னும் வியப்பானது. அங்கே ஷியா பிரிவினரான பஹார்னா மக்கள் ‘ஜீம்’ எழுத்தை ஜகரமாகவே ஒலிப்பார்கள், ஃபுஸ்ஹாவும் அப்படித்தான். சுன்னி அரபுகள் பலர் அதை யகரமாக்குவார்கள். பொது இடங்களில் பஹார்னா மக்கள் பலர் ஃபுஸ்ஹாவோடு ஒத்துப்போகும் தங்கள் ஜகரத்தை விட்டு யகரத்துக்கு மாறுகிறார்கள். ஆளுங்குடும்பத்தின் பேச்சு அதுதான். எழுத்தின் தரம் வேறு, பேச்சின் மதிப்பு வேறு. இரண்டையும் ஒன்றென எண்ணக் கூடாது என்று முஹம்மத் இப்ராஹீம் 1986-இல் எழுதினார். பேச்சு உலகம் தனக்கென ஒரு மேடு பள்ளத்தை வைத்திருக்கிறது. கை எழுத்தை நோக்கித் திருத்திக்கொண்டே போனால் இந்த மேடு பள்ளங்கள் ஒன்றும் தாளில் தெரியாது.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிப்பவர் ஹைம் பிளாங்க். 1948 போரில் பார்வையை இழந்தவர் அவர். காதை மட்டும் நம்பி உழைத்து 1964-இல் பாக்தாத் நகரின் பேச்சுகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஒரே நகரத்தில் முஸ்லிம்கள், யூதர்கள், கிறித்தவர்கள் மூவருக்கும் மூன்று வழக்குகள் இருந்தன என்பதை அது நிறுவியது. ‘நான் சொன்னேன்’ என்பதை முஸ்லிம்கள் ‘கெலெத்’ என்றும் மற்ற இருசாராரும் ஆழ்ந்த காஃபோடு ‘கெல்து’ என்றும் சொல்வதை வைத்து அவர் இட்ட பெயர்களே இன்றும் மெசபத்தோமிய வழக்குகளின் இரண்டு பெரும் பிரிவுகளுக்கு வழங்குகின்றன. 1950-52 காலத்தில் ஈராக்கின் யூதர்களில் மிகப்பெரும்பாலோர் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர்களின் பாக்தாத் பேச்சு, பாக்தாத் தெருக்களிலிருந்து மறைந்துபோனது. 2014-இல் மோசுல் கிறித்தவர்கள் துரத்தப்பட்டபோது ‘கெல்து’ வழக்கின் இன்னொரு கிளை சிதறியது. ஊர் கலைந்தால் பேச்சும் கலையும். ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தின் செமிட்டிய ஒலிக்காப்பகம் போன்ற இடங்களில் சேர்ந்துள்ள பதிவுகளைக் கேட்கும்போது, யாரோ ஒருவர் உரிய காலத்தில் கருவியோடு போய் உட்கார்ந்திருக்கிறாரே என்ற நன்றி எனக்குள் பெருகுகிறது.

கேட்டு எழுதுவது மேற்கிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அரபு இலக்கணமே கேட்பதில்தான் தொடங்கியது. 8-ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து அறிஞர்கள் பாலைவனத்து நாடோடிகளான பதவீக்களின் வாய்மொழியைத் தேடிப்போய்க் கேட்டார்கள். பதவீக்களும் பஸ்ரா சந்தைக்கு வருவார்கள். ஸீபவைஹி தன் ‘அல்-கிதாப்’ நூலில், தான் நம்பும் அரபுகளின் வாயிலிருந்து கேட்டதைச் சான்றாக வைக்கிறார். அவருடைய ஆசிரியர் அல்-கலீல் தம் அகராதியில் எழுத்துகளைத் தொண்டையில் பிறப்பவை தொடங்கி இதழில் பிறப்பவை வரை வரிசைப்படுத்தினார். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்த தமிழ் மாணவருக்கு அந்த வரிசை உடனே விளங்கும். கெய்ரோவின் பேச்சுக்கும் பழைய சாட்சி இருக்கிறது. யூசுஃப் அல்-மஃக்ரிபி என்ற அறிஞர் 1606-இல் எகிப்தியர் பேச்சுச் சொற்களைத் தொகுத்தார். அவற்றுள் பலவற்றின் அரபு வேரைக் காட்டி, அவை இழிந்தவை அல்ல என்று வாதிட்டார். கேட்டதை மதித்து எழுதும் மரபுக்கு இவர்களெல்லாம் முன்னோர்கள்.

இனி எழுதுவதன் நடைமுறை. அரபு எழுத்தில் குற்றுயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை. பேச்சு வழக்குக்கு ஊர் ஒப்பிய எழுத்துக்கூட்டலும் இல்லை. ‘அல்ப்’ என்று கேட்டதை ஒலியின்படி எழுதினால், அது ‘கல்ப்’ என்ற சொல்தான் என்ற உறவு அறுந்துபோகும். ‘காஃப்’ இட்டு எழுதினால் உறவு நிற்கும், ஒலி மறைந்துபோகும். 2012-இல் நிஸார் ஹபஷ், முனா தியாப், ஓவன் ராம்போ ஆகியோர் எகிப்திய வழக்கில் தொடங்கி ஒரு பொது எழுத்துக்கூட்டல் முறையை வகுத்தார்கள். அது இப்படிப்பட்ட சொற்களில் மூலத்தின் ‘காஃப்’ எழுத்தைக் காக்கிறது. இலக்கணத்தில் பேச்சின் வடிவத்தையே காக்கிறது. கணினிக்கு இது பேருதவி. ஒலியை ஆராய்கிற எங்களுக்கு அது மட்டும் போதாது. ஆகவே ஈலான் மென்பொருளில் ஒரே பேச்சின் கீழ் இரண்டு வரிகள் வைக்கிறோம். ஒன்றில் அந்தப் பொது எழுத்துக்கூட்டல், மற்றொன்றில் கேட்ட ஒலி. இரண்டு படியெடுப்பவர்கள் முரண்பட்டால் பிராட் மென்பொருளில் ஒலியைப் படமாக விரித்துப் பார்க்கிறோம். குரல்வளை அடைபட்டுத் திறந்திருந்தால் அந்தத் தடம் படத்தில் தெரியும். யாருடைய படிப்பும் அதை மாற்ற முடியாது.

இதற்கிடையே மக்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுவிட்டார்கள். கைபேசியில் அரபு எழுத்து அரிதாக இருந்த நாள்களில் இளைஞர்கள் ரோமன் எழுத்தில் பேச்சு வழக்கை எழுதினார்கள். அந்த எழுத்தில் இல்லாத ஒலிகளுக்கு 2, 3, 7 என்று எண்களை வைத்தார்கள். ‘ஐன்’ எழுத்தின் வடிவத்தைத் திருப்பினால் 3 போலிருக்கும் என்பதால் அது 3 ஆயிற்று. பேச்சு வழக்கு இத்தனை பரவலாக எழுதப்பட்ட காலம் இதற்கு முன் இருந்ததில்லை.

வளைகுடாவில் எழுந்த இன்னொரு பேச்சு நம்மவர்களின் உழைப்பில் விளைந்தது. தமிழ்நாடு, கேரளம், இலங்கை, வங்கதேசம் எனப் பல இடங்களிலிருந்து போன தொழிலாளர்களும் அவர்களின் முதலாளிகளும் பேசிக்கொள்ள ஓர் எளிய அரபு உருவாகியிருக்கிறது. 1990-இல் ஜே. ஆர். ஸ்மார்ட் அதைப் பற்றிய முதல் ஆய்வுக் குறிப்பை வெளியிட்டார். துபாயிலிருந்தும் ரியாத்திலிருந்தும் திரும்பியவர்கள் நம் ஊர்களில் இன்றும் சொல்லும் ‘மாஃபி’ அதன் எதிர்மறை. நான், நீ, அவன் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே வினைவடிவம். உள்ளது என்று பொருள்படும் ‘ஃபீ’ பல இடங்களில் துணைவினைபோல வந்து நிற்கும். இதை அரைகுறை அரபு என்று ஒதுக்குகிறார்கள். உட்கார்ந்து கேட்டால் இதற்கும் ஒழுங்கு இருப்பது தெரிகிறது. கட்டடச் சாரத்தின் மேல் ஒருவரையொருவர் எச்சரிக்கவும், கூலி கேட்கவும், நோயைச் சொல்லவும் மனிதர்கள் சேர்ந்து ஆக்கிய மொழி அது. இதை ஆராய்வதில் தமிழ் அறிந்த மொழியியலருக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. அந்த எளிய அரபில் தமிழின் சாயல் எங்கே படிகிறது என்பதை நம்மைவிட யார் நன்றாகக் கேட்க முடியும்?

கேட்டதை எழுதுவது ஏட்டுப் படிப்புக்கு மட்டுமான கவலை என்று நினைத்துவிடக் கூடாது. அகதியாக வந்தவரின் பேச்சை வைத்து அவர் எந்த நாட்டவர் என்று முடிவுகட்டும் முறை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இருக்கிறது. அதில் எல்லை மீறக் கூடாது என்று மொழியியலர்கள் குழுவொன்று 2004-இல் நெறிமுறை வகுத்தது. சிரியாவின் எல்லைக் கிராமத்து ஒலியைப் படியெடுப்பவர் ஃபுஸ்ஹாவாகத் திருத்திவிட்டால், ஒரு குடும்பத்தின் புகலிடமே தவறிப்போகக்கூடும்.

பள்ளியிலும் இதே கதை. பாலஸ்தீன அரபு பேசும் ஐந்து வயதுக் குழந்தைகளின் சொற்களை எலினோர் சயே-ஹத்தாத் ஆராய்ந்தார். ஃபுஸ்ஹாவிலும் அதே உருவில் இருப்பவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதியில் ஏறத்தாழப் பாதி ஒலி மாறிய உறவுச் சொற்கள், மறுபாதி ஃபுஸ்ஹாவில் முற்றிலும் வேறு சொல்லாக இருப்பவை. அந்தக் குழந்தை எழுதப் படிக்கக் கற்கும்போது தெரிந்த சொல்லை எழுத்தில் அடையாளம் காண்பதோடு, தெரியாத சொல்லையும் சேர்த்தே கற்கிறது. 1998-இல் உலக வங்கிக்காக எழுதிய அறிக்கையில் துனிசிய அறிஞர் முஹம்மத் மஆமூரி, அரபு நாடுகளின் கல்வித் தரத்தை இந்த இடைவெளியோடு இணைத்துப் பேசினார். குழந்தை வீட்டிலிருந்து எதைக் கொண்டுவருகிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் பாலம் கட்டலாம். அது தெரிய, அந்தக் குழந்தையின் பேச்சை யாராவது உள்ளபடி எழுதி வைத்திருக்க வேண்டும்.

கணினிக்கும் அப்படியே. நாளிதழை மட்டும் படித்து வளர்ந்த பொறி, கெய்ரோ கிழவியின் குரலுக்கு முன் திணறும். 2018-இல் வெளியான மதர் தரவகம் 25 நகரங்களின் பேச்சு வழக்குகளை இணையாக வைத்துக்கொடுத்தது நல்ல தொடக்கம். ஆயினும் நகரங்களுக்கு அப்பால் எத்தனையோ சோலைகள், கழிமுகங்கள், மலைக்கிராமங்கள். பீட்டர் பேன்ஷ்டெட்டும் மான்ஃபிரெட் வொய்டிஷும் எகிப்தின் கிராமங்களில் அலைந்து வரைந்த கிளைமொழி வரைபடங்களைப் போல ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டும்.

இதையெல்லாம் சொல்வது ஃபுஸ்ஹாவைக் குறைக்க அல்ல. அது எனக்குக் குழந்தைப் பருவத்திலிருந்து பிரியமான மொழி. பதினான்கு நூற்றாண்டுச் சிந்தனையைத் திறந்துவிடும் சாவி. எந்த வழக்கை எங்கே எழுதுவது என்பதை அரபு மக்கள்தான் முடிவுசெய்வார்கள். அதில் ஆராய்ச்சியாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நன்றாக முடிவுசெய்ய, தங்கள் பேச்சு உண்மையில் எப்படி இருக்கிறது என்ற ஆவணம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அதைச் செய்துதருவதுதான் எங்கள் வேலை.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். பேசுகிறவர் சொன்னதற்கும் நீங்கள் எதிர்பார்த்ததற்கும் வேறுபாடு தோன்றினால், சொன்னதையே எழுதுங்கள். ஐயமிருந்தால் மறுபடி கேளுங்கள். தீராவிட்டால் ஐயம் என்றே குறியிடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். அழகுபடுத்தாதீர்கள். தன் பேச்சு உடைந்தது என்று நம்பவைக்கப்பட்ட ஒருவர் நம்மை நம்பி வாய்திறந்திருக்கிறார். அவர் சொன்னதை ஓர் ஒலிகூடக் குறையாமல் எழுதிவைப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. இந்தத் துறையின் அறிவு முழுவதும் அந்த மரியாதையின் மேல்தான் நிற்கிறது.